பூட்டிக் கிடக்கும் பலகையும் நாலு லட்ச ரூபாயும்

சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். எட்டுப் பக்கக் கடிதத்தின் சாரம் இது.

ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பிலும் சேர்த்து 41 பிள்ளைகள். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள், மீதிப் பேர் காபித் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஒன்று முதல் மூன்று வரை 58 வயது சக ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். நான்கும் ஐந்தும் இவர் பொறுப்பு. அரசுத் திட்டத்தில் வந்த திறன்மிகு வகுப்பறைப் பலகை சுவரில் இருக்கிறது. “வந்து ஒரு வருஷமாச்சு. இருபது நாள் போட்டிருந்தால் அதிகம்” என்கிறார். மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் இரண்டு நாள் கரண்ட் இருக்காது. இணையம் வந்தால் வரும்.

இந்த நேரத்தில் பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து 4 லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறார்கள். நம் பள்ளியை ஸ்மார்ட் ஸ்கூல் ஆக்கிவிடுங்கள், ஆண்டு விழாவில் திறப்பு விழா வைப்போம் என்பது அவர்கள் ஆசை. செய்தி எப்படிப் போனதோ, கீழேயிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து 20 டேப், செயற்கை நுண்ணறிவுச் செயலி, மூன்று வருடச் சந்தா எல்லாம் சேர்த்துச் சரியாக அதே 4 லட்சத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சக ஆசிரியர், “எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ், என்னை விட்டுடுங்க” என்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியான ஒரு தாய், “வீட்டுலதான் போனைப் புடிச்சுக்கிட்டு சோறு திங்க மாட்டேங்குது, இங்கயுமா டீச்சர்?” என்று கேட்டிருக்கிறார். தனியார் பள்ளி வேன் ஊர் எல்லை வரை வந்து நிற்கிறது. நாம் எதுவும் செய்யாவிட்டால் அடுத்த வருடம் சேர்க்கை குறையுமோ என்ற பயம் வேறு.

அவர் கேட்பவை: கம்பெனிக்காரர் சொல்வதை வாங்கலாமா? பராமரிப்புக்குப் பெற்றோரிடம் மாதம் 50 ரூபாய் வசூலிக்கலாமா? விலையில் தள்ளுபடி தருவதற்குப் பதில் பிள்ளைகளின் படங்களை விளம்பரத்தில் போட்டுக்கொள்ள அனுமதி கேட்கிறார்களே, தரலாமா? “எனக்கே இதெல்லாம் சரியாகத் தெரியாது, நான் எப்படித் திட்டம் போடுவது?”

டீச்சர், வணக்கம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் ஏழு பக்கமும் பொருள்களைப் பற்றியவை. எட்டாம் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “நாலு, அஞ்சில் 17 பேரில் 7 பேர் இன்னும் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க மாட்டார்கள், அது தனிக் கவலை.” அதைத் தனிக் கவலை என்று பிரித்து வைத்ததில்தான் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் திட்டம் அந்த வரியில்தான் தொடங்க வேண்டும். டேப் வாங்குவதா, பலகை வாங்குவதா, ஒன்றுமே வாங்காமல் இருப்பதா என்பதையெல்லாம் அந்த ஏழு பேரை வைத்து முடிவு செய்துகொள்ளலாம்.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்றால் எது குறைவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஏழு பேருடன் தரையில் உட்கார்ந்து, விரல் வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு நேரமில்லை. மீதிப் பத்துப் பேர் சும்மா இருப்பார்களா? நடுவில் காலை உணவுத் திட்டப் பதிவேடு, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து போன். ஆகவே நீங்கள் வாங்கும் எந்தப் பொருளிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது என்னைத் தினமும் 20 நிமிடம் விடுவிக்குமா? அந்த 20 நிமிடத்தில் மற்றப் பிள்ளைகள் உருப்படியாக ஏதாவது செய்துகொண்டிருப்பார்களா? ஆமாம் என்றால் வாங்கலாம். இல்லையென்றால் ஆண்டு விழாவுக்கு அது ஒரு அலங்காரம்.

பலகை ஏன் தூங்குகிறது?

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். 2000-களின் நடுவில் நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். பார்வைக்குப் போன ஒரு நடுநிலைப் பள்ளியில் மூன்று கணினிகள், பூப்போட்ட துணி உறை தைத்துப் போட்டு வைத்திருந்தார்கள். சரஸ்வதி பூஜைக்கு உறையைக் கழற்றிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், மறுநாள் திரும்ப மூடிவிடுவார்கள். ஒரு நாள் நான் பிடிவாதமாகப் போட்டுக் காட்டச் சொன்னேன். ஒன்று உயிர் பெறவே இல்லை. பின்பக்கம் திறந்தால் எலி நார்நாராகக் கடித்து மெத்தை செய்து குட்டி போட்டிருந்தது. இதில் வெட்கம் என்னவென்றால், முந்தின வருடம் அதே கணினிகளுக்கு “நல்ல நிலையில் உள்ளது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். உறையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

அந்தப் பள்ளி ஆசிரியர்கள் சோம்பேறிகள் அல்லர். எந்தக் கிழமை, எந்தப் பாடவேளை, எந்தப் பிள்ளை அதைத் தொடும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் பலகைக்கும் அதே கதை. கரண்ட்டும் இணையமும் பாதிக் காரணம் என்று ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி, கால அட்டவணையில் அதற்கு ஓர் இடம் இல்லாதது. “நேரம் கிடைக்கும்போது போடலாம்” என்றால் ஈராசிரியர் பள்ளியில் நேரம் எந்த ஜென்மத்தில் கிடைக்கும்?

பொருளை இறக்கிவிட்டால் படிப்பு தானாக வரும் என்ற நம்பிக்கை நம்மிடம் மட்டும் இருப்பதில்லை. பெரு நாட்டில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் நடத்திய ஆய்வு 2012-ல் வந்தது; கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தெரியவில்லை. நேர்மாறான உதாரணமும் உண்டு. டெல்லியில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு, அவரவர் நிலைக்கேற்பக் கணக்குக் கொடுக்கும் மென்பொருளை வைத்துப் பள்ளி நேரத்துக்குப் பிறகு மையம் நடத்தினார்கள். 2019-ல் வெளியான அந்த ஆய்வில் நாலரை மாதத்திலேயே நல்ல பலன் தெரிந்தது. கம்பெனிக்காரர்கள் இதை எடுத்துக்காட்டுவார்கள், ஆனால் அதன் பாதியைச் சொல்ல மாட்டார்கள்: வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 90 நிமிடம், அதில் பாதி நேரம் கணினி, பாதி நேரம் ஓர் ஆசிரியருடன் சிறு குழு. ஆசிரியர் இல்லாத பாதியை மட்டும் பிரித்து விற்க முடியாது.

ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு வேலை

முதல் பருவம் முழுக்க ஒரு காரியம் போதும். தினமும் பதினோரு மணிக்கு 40 நிமிடம். முதல் 20 நிமிடம் வாசிக்கத் தெரிந்த பத்துப் பேர் இரண்டு இரண்டு பேராக ஐந்து டேப்பில் கணக்கோ கதையோ செய்யட்டும். ஏழு பேர் உங்களுடன் தரையில். அடுத்த 20 நிமிடம் மாற்றிப் போடுங்கள்: ஏழு பேர் காதில் ஹெட்போன் மாட்டிக் கதையைக் கேட்டுக்கொண்டே எழுத்தைப் பார்க்கட்டும், பத்துப் பேர் உங்களிடம் எழுத்து வேலைக்கு வரட்டும். மாற்றிப் போடாமல் விட்டுவிடாதீர்கள். நன்றாகப் படிப்பவனுக்கு டேப், படிக்காதவனுக்கு டீச்சர் என்று ஆகிவிட்டால் ஒரே வாரத்தில் உங்கள் பக்கத்தில் உட்காருவது தண்டனை போலாகிவிடும். பிள்ளைகள் இதையெல்லாம் நம்மைவிட வேகமாகக் கணக்குப் போடுவார்கள்.

ஜூலை முதல் வாரம் ஏழு பேரின் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, பழகாத ஒரு பக்கத்தைக் கொடுத்து ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணிக் குறியுங்கள். நன்கொடை கொடுத்தவர்கள் அடுத்த வருடம் வந்து கேட்டால் காட்ட வேண்டியது இந்த நோட்டைத்தான்.

பாடப்பொருளுக்குச் சந்தா கட்ட வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை. உங்கள் பாடநூலில் இருக்கும் க்யூ ஆர் குறியீடு வழியே அரசின் தீக்‌ஷா பாடச் செயலிக்குப் போனால் பாடங்களைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே காட்டலாம். ஸ்டோரிவீவர் தளத்தில் வாசிப்பு நிலை வாரியாகத் தமிழ்க் கதைப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்கி அச்சடித்தும் கொடுக்கலாம். சேலத்துக்கு இறங்கும் சனிக்கிழமையில் ஒரு மணி நேரம் நல்ல இணைப்பில் உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்கு வேண்டியது சேர்ந்துவிடும். மலைமேல் இணையம் வரும் வரை காத்திருந்தால் இந்த ஏழு பேரும் ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

சக ஆசிரியர் சார் கதை சொன்னால் மூன்றாம் வகுப்பு மூச்சு விடாமல் கேட்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை ஒரு பொத்தானைக்கூடத் தொடச் சொல்லாதீர்கள். அவர் கதை சொல்லும்போது நீங்கள் பதிவு செய்துகொள்ளுங்கள். அதைத் தட்டச்சு செய்து, அச்சடித்து, குரலோடு சேர்த்துக் கொடுத்தால் அந்த ஏழு பேருக்கு அதைவிட நல்ல வாசிப்புப் பாடம் வெளியில் விலைக்குக் கிடைக்காது. ஊர்ப் பாட்டிமார்களிடம் சாமை விதைப்பு, சேர்வராயன் கோயில் மே மாதத் திருவிழா என்று கேட்டுப் பிள்ளைகளே பதிவு செய்து வரலாம். தங்கள் வீட்டுப் பேச்சு எழுத்தில் வருவதைப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்தின் மேல் இருக்கும் பயம் பாதி போய்விடும். சாருக்கும் இரண்டு வருடம் கழித்துப் போகும்போது விட்டுப்போக ஒன்று இருக்கும்.

நாலு லட்சத்தை எப்படிப் பிரிப்பது?

முதலில் கரண்ட். கோடை இடியைப் பார்த்தவர் நீங்கள்; எர்த்திங் சரியில்லாத கட்டடத்தில் புதுப் பொருளை மாட்டுவது பணத்தை இடிக்குக் கொடுப்பது போல. எர்த்திங், பழைய வயரிங், மின்னல் அதிர்ச்சியைத் தாங்கும் சர்ஜ் பாதுகாப்பு, ஒரு இன்வெர்ட்டர், 150 ஆம்பியர்-மணி பேட்டரி எல்லாம் 60 ஆயிரத்துக்குள் முடியும் என்பது என் கணக்கு. 12 வோல்ட் பேட்டரி என்றால் 1,800 வாட்-மணி. சேதாரம் போகக் கைக்கு 1,200 என்று வையுங்கள். உங்கள் பலகை சுமார் 200 வாட் இழுக்கும். தினம் ஒரு மணி நேரம் போட்டால் இரண்டு நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் தாங்கும், டேப்புகளுக்குச் சார்ஜும் மிஞ்சும். ஆக, புதுப் பலகை தேவையே இல்லை. இருப்பதை எழுப்பினால் போதும்.

டேப் 20 வேண்டாம், எட்டு வாங்குங்கள். ஐந்து வேலைக்கு, இரண்டு சாருடைய வகுப்புக்கு, ஒன்று கையிருப்பு. நல்ல உறை, ஹெட்போன் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம். இங்க் டேங்க் பிரிண்டரும் காகிதமும் 20 ஆயிரம். அச்சுப் புத்தகங்களுக்கு 50 ஆயிரம். டேப் திட்டத்தில் புத்தகம் எங்கே வந்தது என்று பழைய மாணவர்கள் கேட்டால், ஏழு பேர் கதையைச் சொல்லுங்கள். மீதி ஒன்றரை லட்சத்தைத் தொடாமல் வையுங்கள். நாலு வருடத்தில் பேட்டரி மாற்ற வேண்டும், திரை உடையும், சார்ஜர் காணாமல் போகும். 50 ரூபாய் வசூல் யோசனை உங்களுக்கு வந்ததே இந்தத் தொகையை யாரும் ஒதுக்காததால்தான்.

சின்ன விஷயங்கள் சில. டேப்பில் சிம் வேண்டாம். பீரோவில் பூட்டி வைத்தபடி ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடாதீர்கள், லித்தியம் பேட்டரி சூடானால் காற்றோட்டம் வேண்டும். பள்ளி நேரத்தில், கண் பார்வையில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மூடுபனிக்குப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். காபிப் பறிப்புக் காலத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, புதிதாக எதையும் அந்த மாதங்களில் தொடங்காதீர்கள்.

50 ரூபாயும் புகைப்படமும்

50 ரூபாய் வேண்டாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் 3-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியைத் தொடர்ந்து முடிக்கத் தடையாகும் எந்தக் கட்டணத்தையும் பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்கிறது. விரும்புகிறவர்கள் மட்டும் கொடுக்கட்டும் என்று தொடங்கினாலும், மூன்றாம் மாதம் கொடுக்காத வீட்டுப் பிள்ளை யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். தினக்கூலி வீட்டில் அந்தப் பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கு வராது.

நன்கொடையை ரொக்கமாக உங்கள் கையில் வாங்காதீர்கள், உங்கள் சொந்தக் கணக்கிலும் வேண்டாம். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை வாங்கவே தமிழக அரசின் “நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி” திட்டம் 2022 டிசம்பர் முதல் இருக்கிறது. அதன் வழியாக இன்ன பள்ளிக்கு, இன்ன வேலைக்கு என்று சொல்லியே கொடுக்கலாம். எந்த வழியாக வந்தாலும் மேலாண்மைக் குழுத் தீர்மானமும் இருப்புப் பதிவேட்டில் பதிவும் இருக்கட்டும். வட்டாரக் கல்வி அலுவலருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். நாளைக்கு யாராவது மொட்டைக் கடிதம் போட்டால் உங்களைக் காப்பாற்றப்போவது இந்தக் காகிதங்கள்தான்.

படம் விஷயத்தில் நீங்கள் தயங்கியது சரி. அனுமதி தருவதற்கு அது உங்கள் உரிமையே அல்ல. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டத்தை விடுங்கள், தள்ளுபடிக்காகப் பிள்ளையின் முகத்தைக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. செயலியில் பிள்ளையின் பெயர், வயது, சாதி என்று ஏதாவது பதியச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். ‘பிள்ளை 1’, ‘பிள்ளை 2’ என்று பதிந்தால் ஓடாத செயலி நமக்கு வேண்டாம்.

“எனக்கே தெரியாது, எப்படித் திட்டம் போடுவது?”

நீங்கள் தனியாகப் போட வேண்டும் என்று யார் சொன்னது? பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி மேலாண்மைக் குழுவின் வேலை. அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதாவது “இங்கயுமா டீச்சர்?” என்று கேட்ட அந்தத் தாய்தான் உங்கள் திட்டக்குழுத் தலைவி. அவர் கேட்டதில் தப்பே இல்லை. பள்ளியில் தொழில்நுட்பம் பற்றி 2023-ல் வந்த யுனெஸ்கோ அறிக்கையும் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் கேட்டது: இது யார் சொல்படி நடக்கும் கருவி? அவரை ஒரு நாள் பதினோரு மணிக்கு வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள். 20 நிமிடம்தான், வீட்டுக்குப் போகாது, இணையம் கிடையாது என்ற மூன்றையும் அவர் வாயாலேயே தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மற்ற தாய்மார்களுக்கு அவர் பதில் சொல்லிக்கொள்வார். வேனைப் பற்றிய பயத்துக்கும் பெரிய மருந்து வேண்டாம்: ஏழு பேரில் நாலு பேர் பஸ் போர்டை வாய்விட்டு வாசித்தால் அது டீக்கடை வரைக்கும் தானே போய்ச் சேரும்.

கம்பெனிக்காரர் மறுபடி வரும்போது நீட்டி முழக்க விடாமல், செல்போன் சிக்னலை அணைத்துவிட்டு ஒரு பாடத்தை ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். மூன்று வருடச் சந்தா முடிந்தால் டேப் வேறு எதற்காவது உதவுமா, பூட்டிக்கொள்ளுமா என்று எழுத்தில் வாங்குங்கள். பழுதானால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி எத்தனை நாளில் ஆள் வரும், அல்லது நீங்கள்தான் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டுமா என்பதையும். பழைய மாணவர்களிடம் திறப்பு விழாவை ஆண்டு விழாவிலிருந்து மாற்றி, முதல் பருவம் முடிந்த பிறகு வைக்கச் சொல்லிப் பாருங்கள். வருத்தப்படுவார்கள், ஆனால் ஒத்துக்கொள்வார்கள். அந்தப் பள்ளியில் படித்தவர்கள்தானே.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய வகுப்பறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பலகைக்கு வலப்பக்கச் சன்னலில் மேல் கண்ணாடி ஒன்று இல்லை, அதற்கு நேர் கீழேதான் பிளக் பாயின்ட் இருக்கிறது. சாரல் அடித்தால் நேராக அதற்குள் இறங்கும். நாலு லட்சம் வரும் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே கண்ணாடி போட்டுவிடுங்கள். அது வரைக்கும் பிள்ளைகளை அந்தப் பக்கம் உட்கார வைக்காதீர்கள்.